பெரியநாயகி தட்டிய கிண்ணங்கள்

பெரியநாயகிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், காபி கொடுத்தால் உடனே குடிக்க மாட்டாள். டம்ளர் எவர்சில்வராக இருந்தால் பிழைத்தது. பீங்கான் கப்பாக இருந்துவிட்டால் போச்சு. வலது கை நடுவிரலை மடக்கி, கணுவால் விளிம்பை ஒரு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். 'டிங்' என்று நீண்டால் சரி. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால், "எங்க வாங்குனீங்க இத? உள்ள வெடிச்சிருக்குது, தூக்கிப் போடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையேதான் செய்தாள். அந்தச் சம்பந்தம் ஏன் கூடிவரவில்லை என்று அவள் கணவர் கோதண்டபாணி மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷமாகச் சொந்தக் கொட்டகை வைத்திருப்பவள். ஃபியூஸ் கட்டை, மின் அடுப்புக்குக் கம்பிச் சுருள் பதிக்கிற ஹீட்டர் பிளேட்டு, கொலு பொம்மை என்று ஆரம்பித்து, போன பங்குனியில் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தாள். சென்னையில் ஏற்றுமதி பார்க்கும் குருமூர்த்தி என்பவர் ஒரு படத்தை அனுப்பி, "இந்த மாதிரி இருநூறு கிண்ணம் முடியுமாம்மா? சிங்கப்பூருல ஒரு ஓட்டலு. ஒலகத்துல பேரெடுத்த எடம். அங்க சாப்புட ரெண்டு மாசம் முன்னாடியே எழுதி வெக்கணும்" என்றார். மழைக்கால மேகத்தின் நிறம், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. முடியாது என்ற சொல்தான் அவள் வாயில் வராதே. இருநூறையும் செய்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வைக்கோல் சுற்றி அனுப்பினாள். எஸ்டேட் முழுக்க அதுதான் பேச்சு. டீக்கடையில் அவளுக்கென்று தனியாகக் கப்பைக் கழுவிக் கொடுத்தார்கள்.

ஆடி மாதம் குருமூர்த்தியிடமிருந்து செல்போனுக்கு இன்னொரு படம் வந்தது. அதே கிண்ணம், இரண்டு துண்டாக. கூடவே ஓட்டல்காரர்கள் எழுதிய கடிதம். மூன்று மாதத்துக்குள் நாற்பது கிண்ணம் விரிசல் விட்டுவிட்டதாம். சூளையில் குற்றமாம். இனிமேல் வேண்டாமாம்.

பெரியநாயகி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கத்தியால் கீறினதுபோல நேரான வெடிப்பு. எஸ்டேட்டில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், அது சூளைக் கதவை அவசரப்பட்டுத் திறந்த வெடிப்பு என்று. உள்ளே சூடு தணியும் முன் குளிர்க்காற்று பட்டால் மண் அப்படித்தான் அறுந்துபோகும். சில சமயம் உடனே தெரியாது. உள்ளுக்குள் தூங்கிக்கொண்டிருந்து, மூன்று மாதம் கழித்து விழித்துக்கொள்ளும். அதுவரை தட்டிப் பார்த்தாலும் பிடிபடாது.

அவளுடைய சூளையைக் கவனிப்பவன் விருத்தகிரி. இருபது வருஷமாக அவன்தான். குயவர் வீட்டுப் பிள்ளை. சூடு காட்டும் மீட்டரே இல்லாத காலத்திலும் சூளையின் பார்வைத் துளையில் ஒரு கண்ணை வைத்து, "இன்னும் அர மணி நேரம்க்கா" என்று சொன்னால் அது அரை மணி நேரமாகத்தான் இருக்கும். கொட்டகைச் சாவியே அவன் இடுப்பில்தான் தொங்கும். அந்தக் கிண்ணங்கள் வெந்து இறங்கிய அன்றைக்குத்தான் அவன் மகள் தேவிக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் நிச்சயதார்த்தம். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட பெரியநாயகிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கோபம் அவளுக்கு எப்போதும் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

"தேவி நிச்சயத்தன்னிக்கு சூளைய எப்ப தொறந்த?" என்று கேட்டாள்.

"காலைல. ஏழு மணி இருக்கும்க்கா. ஏன்?"

"மீட்டரு என்னா காட்டுச்சி?"

"எம்பதுக்குக் கீழ வந்தப்பறந்தான் தொறந்தேன்."

"நெஜமா?"

அந்த ஒரு வார்த்தையில் விருத்தகிரியின் முகம் மாறிவிட்டது. "இருவது வருசத்துல ஒரு நாளாச்சும் இப்பிடிக் கேட்டிருக்கீங்களா நீங்க?" என்றான்.

"நாப்பது கிண்ணம் வெடிச்சிருக்குது விருத்தகிரி. தானா வெடிக்குமா? மகளு நிச்சயத்துக்குப் போற அவசரத்துல யாரா இருந்தாலும் தொறந்திருப்பாங்க. தொறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்."

"தொறக்கல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களே, அதுக்கு என்னாக்கா சொல்றது?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லையே! "அப்ப சாவிய வெச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். விருத்தகிரி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, மண் பிசைகிற மேடையில் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு போனான். ஜங்ஷன் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக மறுவாரம் கேள்விப்பட்டாள். பழமலைநாதர் கோயில் வாசலில் ஒரு தடவை எதிரே வந்தான். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

மூன்று மாதம் பெரியநாயகியே சூளை வைத்தாள். ஒழுங்காகத்தான் வெந்தது. ஆனால் ராத்திரிச் சோறு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. அவன் திறந்திருந்தால் தான் பேசியது நியாயம். திறக்காமல் இருந்திருந்தால்? இருபது வருஷம் கூட நின்றவனை ஒரு படத்தைப் பார்த்துத் திருடன் மாதிரி நிறுத்திக் கேட்டது எவ்வளவு பெரிய பாவம்? உடைந்த ஒரு துண்டையாவது வாங்கி அனுப்புங்கள் என்று குருமூர்த்தியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "பெரிய எடம்மா, நோண்டாதீங்க, விட்டுடுங்க" என்று அவர் கழன்றுகொண்டார்.

ஐப்பசியில் மகன் பிரவீன்குமார் அப்பா அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்தான். அங்கே ஒரு கம்பெனியில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. "எங்கல்லாம் போவணும்னு சொல்லும்மா. பறவைப் பூங்கா, கப்பலு, கடல்..." என்று பட்டியல் போட்டான்.

"ஒண்ணும் வேணாம். அந்த ஓட்டல்ல எனக்கு ஒரு வேள சாப்பாடு வாங்கிக் குடு. போதும்" என்றாள்.

சாகப்போகிறவளின் கடைசி ஆசை மாதிரி அதை அவள் கேட்ட விதத்தில் பிள்ளை பயந்துபோய், அன்றைக்கே பதிவு செய்துவிட்டான். கோதண்டபாணிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதென்றால் முன்கூட்டியே தெரிய வேண்டும். "காலம்பூரா பழைய சோறும் ஊறுகாயும் போதும்னவ, இப்ப என்னா நாக்கு நீளுது?" என்றார். பெரியநாயகி கொட்டகையைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு விமானம் ஏறினாள்.

அந்த ஓட்டலைச் சும்மா சொல்லக்கூடாது. கோயில் கர்ப்பக்கிரகம் போல அமைதி. மொத்தமே பத்து மேஜைதான். பகல் பன்னிரண்டரைக்கு வந்து உட்கார்ந்தால் மூன்றரைக்குத்தான் எழுந்திருக்க முடியுமாம். பன்னிரண்டு வகை, ஒன்றன்பின் ஒன்றாக. விலையை மட்டும் சொல்லவே மாட்டேன் என்று பிரவீன் சத்தியம் செய்திருந்தான். கோதண்டபாணி கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக ஷூ போட்டிருந்தார். அது கடித்துக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு கருங்கல்லின் மேல் ஒரே ஒரு இலை வந்தது. அதன்மேல் ஒரு சொட்டு தேன் மாதிரி ஏதோ.

"இத திங்கறதா, பாக்கறதா?" என்றார் கோதண்டபாணி.

பெரியநாயகி இலையைக் கவனிக்கவே இல்லை. அடுத்து வந்த வெள்ளைத் தட்டின் விளிம்பில் கணுவை வைத்து ஒரு தட்டு தட்டினாள். டிங். திரும்பிப் பார்த்தால் பரிமாறுகிற பெண் ஓடி வந்து குனிந்து நிற்கிறாள்.

"ஏதாவது வேணுமான்னு கேக்கறாங்கம்மா" என்றான் பிரவீன்.

"ஒண்ணும் வேணாம். நல்ல தட்டுன்னு சொல்லு."

அடுத்த தட்டு. டிங். மறுபடியும் அந்தப் பெண் ஓடி வந்தாள். அதற்கடுத்த கோப்பை. டிங். ஓட்டம். நான்காவது தடவை பிரவீன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, நீ அவங்கள கூப்புடறன்னு நெனச்சிக்கறாங்க. மானம் போவுதும்மா!" என்று பல்லைக் கடித்தான். பாவம், அவனுக்கு அம்மாவின் சூளையைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அதன்பிறகு கூழாங்கற்கள் வந்தன. நிஜக் கூழாங்கல் மாதிரியே சாம்பல் நிறம். உள்ளே உருளைக்கிழங்கு, மேலே பூச்சு. கோதண்டபாணி கடித்துவிட்டு விழித்தார். பெரியநாயகி ஒன்றை நாக்கின் நுனியில் வைத்தாள். கண் பளிச்சென்றது.

"பிரவீனு! இது வெள்ளக் களிமண்ணுடா! நம்ம கொட்டகையில மூட்ட மூட்டயா அடுக்கி வெச்சிருக்கமே, அதே மண்ணு! நல்லா சலிச்சிப் பூசியிருக்காங்க. கொஞ்சம் தண்ணி கூடிப் போச்சி, அவ்ளோதான்."

மகன் அதை மொழிபெயர்க்க, பரிமாறுகிற பெண் வேகமாகத் தலையாட்டினாள். தின்னக்கூடிய களிமண் என்று அதுவரை எந்த விருந்தாளியும் தானாகக் கண்டுபிடித்ததில்லையாம். கோதண்டபாணி தன் பங்கை மெல்ல ஓரமாக ஒதுக்கினார். "இருவத்தாறு வருசமா வூட்டுக்கு வந்த மண்ணு பத்தாதா, இங்க வந்தும் அதத் திங்கணுமா?" என்றார்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? விரல் நீளத்துக்கு ஒரு மீன் துண்டு வந்தது. வாயில் வைத்ததும் கரைந்து, கடலோரம் நின்ற மாதிரி ஒரு மணத்தை மட்டும் விட்டுப்போனது. சுட்ட கத்தரிக்காயில் ஏதோ வித்தை செய்து, இனிக்கவும் உறைக்கவும் வைத்திருந்தார்கள். கோதண்டபாணிகூட அதற்கு மட்டும் "இன்னொண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார். ஆனால் பெரியநாயகிக்கு எதுவும் நெஞ்சில் ஒட்டவில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

எட்டாவதாக வந்தது அவள் கிண்ணம்.

அந்த மேக நிறத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டாள். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்த மாதிரி நெஞ்சு துள்ளியது. கிண்ணம் முன்னால் வந்து உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் அள்ளினாள். அள்ளியவள் 'ஆ' என்று விட்டுவிட்டாள். பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. வெளிப்புறம் முழுக்க வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அடியில் தக்காளிச் சாற்றை உறைய வைத்த ஒரு சிவப்புக் கட்டி.

"இது இவங்களோட பேர்போன அயிட்டம்மா" என்று பிரவீன் விளக்கினான். "கிண்ணத்தோட ஐஸ்பெட்டில ஒரு நாள் வெச்சிடுவாங்களாம். இப்ப நம்ம கண்ணு முன்னாடி கொதிக்கக் கொதிக்க காளான் ரசத்த ஊத்துவாங்களாம். ஐஸும் நெருப்பும் ஒரே வாயில..."

பெரியநாயகிக்கு மீதி காதில் விழவில்லை. ஐஸ்பெட்டி. கொதிக்கிற ரசம். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சூளைக்குள் குளிர்க்காற்று படுகிற அதே கூத்து, இங்கே தலைகீழாக நடக்கிறது. வெடிப்பு ஒன்றுதான், இடம்தான் வேறு. விருத்தகிரி கதவைத் திறக்கவில்லை. அவன் சொன்னது சொன்னபடியே உண்மை. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அழுவதற்கு நேரமில்லை. பக்கத்து மேஜையில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. பரிமாறுகிறவன் அந்தப் பாட்டியம்மாவின் முன்னால் கிண்ணத்தை வைத்தான். வைக்கும்போது கரண்டி விளிம்பில் பட்டது. டொக். அந்த அமைதியில் அந்தச் செத்த சத்தத்தைக் கேட்டது அந்த அறையில் பெரியநாயகியின் காது ஒன்றுதான். அவன் ரசக் கூஜாவைச் சாய்த்துக்கொண்டிருந்தான். பாட்டியம்மாவின் கை கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"ஊத்தாதப்பா! கைய எடும்மா! கிண்ணம் வெடிக்கப் போவுது!"

எஸ்டேட்டில் லாரிக்காரனைக் கூப்பிடுகிற குரல் அது. பத்து மேஜையும் திரும்பியது. பாட்டியம்மா பயத்தில் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் ரசம் விழுந்துவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். கிண்ணம் இரண்டாகப் பிளந்து, கொதிக்கிற ரசம் கை இருந்த இடத்தில் பாய்ந்தது.

பிறகு கேட்பானேன்? துணி எடுத்துக்கொண்டு நாலு பேர் ஓடி வந்தார்கள். பிரவீன் மேஜைக்கு அடியில் ஒளியலாமா என்று யோசித்தான். உள்ளேயிருந்து ஷெஃப் வந்துவிட்டார். குள்ளமான சீனப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், முழங்கை வரை தீக்காயத் தழும்புகள். அந்தத் தழும்புகளைப் பார்த்ததுமே பெரியநாயகிக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. அடுப்போடு பிழைக்கிறவர்களை அவளுக்குத் தெரியும்.

உடைவதற்கு முன்பே எப்படித் தெரிந்தது என்று ஷெஃப் கேட்டார்.

"சொல்லுடா" என்று மகனைப் பார்த்தாள் பெரியநாயகி. "இந்தக் கிண்ணத்தச் செஞ்சவ நான்தான், விருத்தாசலத்துலேருந்து வந்திருக்கேன்னு சொல்லு. எங்க சூளைல குத்தம்னு எழுதுனாங்கல்ல, அத நேருல பாக்க வந்தேன்னு சொல்லு. மிச்சக் கிண்ணமெல்லாம் எங்கன்னு கேளு."

பிரவீன் அம்மாவையே வெறித்துப் பார்த்தான். "அதுக்கா சாப்பாடு கேட்ட?" என்றான். பிறகு, அவனும் அவள் வயிற்றில் பிறந்தவன்தானே, நிமிர்ந்து நின்று ஒரு சொல் விடாமல் சொன்னான்.

ஷெஃப் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டார்.

மிச்சம் நூற்றுப் பதினோரு கிண்ணம் இருந்தது. வேறு ஊரில் சொல்லிவைத்த புதுக் கிண்ணம் வரும்வரை இதையே புழங்கிக்கொண்டிருந்தார்களாம். பெரியநாயகி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெள்ளைக் குல்லாய் போட்ட இருபது பேர் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். தட்டினாள். டிங், வலப்பக்கம். டிங், வலப்பக்கம். டொக், இடப்பக்கம். கால் மணி நேரம் அந்த அறையில் வேறு சத்தமே இல்லை. கடைசியில் இடப்பக்கம் ஒன்பது கிண்ணம் சேர்ந்திருந்தது. வெளியே பார்க்கப் புத்தம் புதுசு.

"இந்த ஒம்போதும் ஊத்துனா வெடிக்கும். வலப்பக்கத்துல எத வேணும்னாலும் எடுத்து ஊத்தட்டும், ஒண்ணும் ஆவாது. இன்னிக்கி ஆவாது" என்றாள்.

ஷெஃப் சிரிக்கவில்லை. தானே கொதிக்கிற கெண்டியை எடுத்து வந்தார். ஒன்று, டக். இரண்டு, டக். அந்த இருபது பேரும் வாய்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு, டக். ஒன்பதாவது கிண்ணம் மட்டும் நீரை வாங்கிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. யாரோ ஒருவன் சிரித்தான். பிரவீனுக்கு வியர்த்துவிட்டது. பெரியநாயகி ஒரு விரலை உயர்த்தினாள். அசையாமல் நின்றாள்.

டக்.

அடேயப்பா! அந்தச் சமையலறை இரைந்த இரைச்சலைக் கேட்டு, ஷூவைக் கழற்றி வைத்திருந்த கோதண்டபாணி வெறுங்காலோடு உள்ளே ஓடி வந்துவிட்டார். வலப்பக்கத்திலிருந்து பத்துக் கிண்ணத்தை எடுத்து ஷெஃப் ஊற்றிப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

அப்புறம்தான் பெரியநாயகி ஐஸ்பெட்டியைக் காட்டினாள். கெண்டியைக் காட்டினாள். ஒரு நாள் தாங்கும், பத்து நாள் தாங்கும், பிறகு எந்த நல்ல மண்ணும் உள்ளுக்குள் அறுந்துதான் போகும் என்றாள். ஷெஃப் கணக்குப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். கிண்ணம் வந்த அதே மாதத்தில்தான் இந்த ரசமும் பட்டியலில் ஏறியதாம். அதற்கு முன்னால் குளிரவைத்துக் கொதிநீர் ஊற்றுகிற வழக்கமே இல்லையாம். புதுசாக வந்தவை இரண்டில் ரசம் தன்னுடையது என்பதால், பழியைக் கிண்ணத்தின் மேல் போட்டுவிட்டதாக ஒளிக்காமல் சொன்னார். இரண்டு கையையும் சேர்த்து, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"எங்கிட்ட வேணாம்" என்றாள் பெரியநாயகி. "அதே மாதிரி எழுதிக் குடுக்கச் சொல்லு. சூளைல குத்தமில்லன்னு."

ஷெஃப் அங்கேயே நின்று செல்போனில் தட்டினார். ஒரு நிமிஷத்தில் குருமூர்த்திக்கும் பிரவீனுக்கும் கடிதம் வந்துவிட்டது. அதோடு விடவில்லை. இந்த ரசத்தை நிறுத்த முடியாது, உலகமே இதற்காகத்தான் வருகிறது, இதைத் தாங்குகிற கிண்ணம் உங்களால் முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்ற சொல் அவள் வாயில் வராது என்று முன்பே சொன்னேன். "முடியும். செவக்கச் செவக்க எரியற கம்பியத் தாங்குற மண்ணு எங்ககிட்ட இருக்குது. ஹீட்டர் பிளேட்டு மண்ணு. ஆனா அந்தக் கலவையும் அந்தச் சூடும் எங்கூருல ஒருத்தனுக்குத்தான் கைவந்த வேல. அவன் சரின்னாத்தான் நான் சரின்னு சொல்லுவேன்" என்றாள். சொல்லிவிட்டு மகனிடம் கையை நீட்டினாள். "போனக் குடு."

விருத்தாசலத்தில் அப்போது காலை பதினொன்றரை. விருத்தகிரி டைல்ஸ் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். தெரியாத நம்பர் என்பதால்தான் எடுத்தான். அவள் நம்பராக இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டான்.

"விருத்தகிரி, நான்தான். வெச்சிடாத. நீ தொறக்கல."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

"நீ தொறக்கலப்பா. இங்க ஐஸுல வெச்சி கொதிக்கிறத ஊத்துறாங்க. அதுல வெடிச்சிருக்குது. என் கண்ணால பாத்தேன். எழுதியே வாங்கிட்டேன். இருவது வருசம் கூட நின்னவன நிக்க வெச்சிக் கேட்டேனே, தப்பு என்னுதுடா. எம்மேலதான். ஊருக்கு வந்து எஸ்டேட்டு டீக்கடையில நாலு பேரு முன்னாடி சொல்றேன்." அவள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். மொழி புரியாத இருபது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

விருத்தகிரி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ண தட்டுங்க, கேப்போம்."

அவள் வலப்பக்க வரிசையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் பிடித்துத் தட்டினாள். டிங் என்று அது நீண்டு, நீண்டு, தேய்ந்தது. முழுக்கத் தேயும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லா வெந்த மண்ணுக்கா" என்றான். "கொதிக்கக் கொதிக்க ஊத்துறாங்களா? இந்த மண்ணு தாங்காது. பிளேட்டு மண்ணத்தான் போடணும். சலிச்சி ஊற வெக்கவே பத்து நாளாவும். எப்பக் கேக்கறாங்க?"

"நீ எப்ப சொல்றியோ அப்ப."

"சரி, நாளைக்கே ஆரம்பிச்சுடலாம். கொட்டாச் சாவி யாருகிட்ட இருக்குது?"

பெரியநாயகி கைப்பையைத் திறந்தாள். பாஸ்போர்ட்டுக்கும் திருநீற்றுப் பொட்டலத்துக்கும் நடுவில், அவன் இருபது வருஷம் இடுப்பில் கட்டியிருந்த அந்தச் சாவி கிடந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

"எங்கிட்டதான். சிங்கப்பூருல."

"அங்க எதுக்குக்கா அது? சீக்கிரம் எடுத்துக்கிட்டு வாங்க" என்றான் விருத்தகிரி.